ஊமத்தைப் புகை முதல் இன்ஹேலர் வரை

குற்றாலத்திற்கு வடபால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் வடகரை. மேக்கரையில் அடவிநயினார் அணையைக் கடந்து வரும் அனுமன் நதியின் நீரும், ஆனி ஆடி மாதங்களில் மலையைத் தாண்டி வரும் சாரலும் இவ்வட்டாரத்தின் பெருஞ்செல்வங்கள். வெளியூரார் அந்தச் சாரலைத் தேடி வருவர். ஆனால் அதே சாரல் காலத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு திண்ணையிலேயே முடங்கிவிடும் பெரியவர்களும் இங்கே உண்டு. அவர்களுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிவாசலே எட்டாத தூரமாகிவிடுகிறது. ஒளூச் செய்து எழுந்தால் மூச்சு வாங்குகிறது. பத்தடி நடந்தால் நின்று சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

இத்தகையோர் இருக்கும் வீடுகளில் இரண்டு பேச்சுகளைக் கேட்கலாம். "வாப்பா, நீங்க அலையாதீங்க, பேசாம இருங்க" என்பது ஒன்று. "அந்த இன்ஹேலரைத் தொட்டா அப்புறம் விடவே முடியாது, அது கடைசி மருந்து" என்பது மற்றொன்று. இரண்டும் அன்பினால் எழும் பேச்சுகளே. ஆயினும் இரண்டுமே தவறானவை. இவை எவ்வாறு பிறந்தன, எவ்வாறு தவறாயின என்பதை மருத்துவ வரலாறு விளக்குகிறது. அவ்வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் நம் தமிழ் மண்ணிலேயே எழுதப்பட்டது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

நோயின் இயல்பு

மக்கள் இளைப்பு என்றும் இழுப்பு என்றும் பொதுவாகச் சொல்வனவற்றுள் இரண்டு நோய்கள் அடங்கும். ஒன்று ஆஸ்துமா; இது பெரும்பாலும் இளமையிலேயே தோன்றி, வந்து வந்து போவது. மற்றொன்று நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். இது பல்லாண்டுகள் புகையையும் தூசியையும் உட்கொண்டதன் விளைவாக நடுவயதுக்குப் பின் தலைகாட்டி, மெல்ல மெல்ல வளர்வது. காற்றுக் குழாய்கள் தடித்துச் சுருங்குகின்றன. நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் சிதைகின்றன. சிதைந்தவை மீண்டும் தளிர்ப்பதில்லை.

பீடியும் சிகரெட்டும் இந்நோயின் தலையாய காரணங்கள். ஆனால் வாழ்நாளில் ஒரு பீடியும் பிடித்தறியாத நம் தாய்மார்களுக்கும் இந்நோய் வருகிறது. காற்றோட்டமில்லாத அடுப்பங்கரையில் விறகுப் புகையோடு கழித்த ஆண்டுகளே அதற்குக் காரணம். தென்காசி, கடையநல்லூர் வட்டாரங்களில் பீடி சுற்றுதல் பெண்களின் நெடுங்காலத் தொழிலாக இருந்து வருவதால், புகையிலைத் தூசியும் வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. 1990ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம் பேருக்கு இருந்த இந்நோய், 2016ஆம் ஆண்டில் சுமார் 5 கோடியே 50 லட்சம் பேரைப் பற்றியிருந்தது என்று நாடு தழுவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 35 லட்சம் உயிர்கள் இந்நோயால் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

கெய்ரோ தந்த அறிவு

நுரையீரலைப் பற்றிய தெளிந்த அறிவை உலகுக்குத் தந்தவர்களுள் இப்னு நஃபீஸ் முதன்மையானவர். இவர் 1242ஆம் ஆண்டில், இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூலில் உள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு ஓர் உரை எழுதினார். இதயத்தின் வலப்புறத்து இரத்தம் நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, பின்னரே இடப்புறத்தை அடைகிறது என்று அதில் அவர் நிலைநாட்டினார். ஐரோப்பாவில் செர்வீட்டஸ் இதே கருத்தை எழுதியது 1553ஆம் ஆண்டில்தான். இப்னு நஃபீஸின் ஏட்டுப்பிரதி பெர்லின் நூலகத்தில் துயின்றுகொண்டிருந்ததை 1924ஆம் ஆண்டில் எகிப்திய மருத்துவர் தத்தாவி வெளிக்கொணர்ந்தபோதுதான் அறிவுலகம் இவ்வுண்மையை உணர்ந்தது.

இவருக்கு முன்னரே, அய்யூபி அரசவையின் யூத மருத்துவரான மூசா இப்னு மைமூன், மூச்சிரைப்பால் வருந்திய பிரமுகர் ஒருவருக்காக ஏறத்தாழ 1190ஆம் ஆண்டில் அரபு மொழியில் தனி நூலொன்று இயற்றினார். நகரத்து மாசடைந்த காற்று, உணவு, உறக்கம், உடற்பயிற்சி ஆகிய அனைத்தையும் அந்நூல் ஆராய்கிறது. ஒரே மருந்தால் தீர்த்துவிடலாம் என்று அவர் ஆசை காட்டவில்லை. வாழும் முறையையே மருத்துவத்தின் அடிப்படையாக வைத்தார். இக்கருத்துக்கு நாம் பின்னர் திரும்பி வருவோம்.

சென்னையிலிருந்து புறப்பட்ட புகை

ஊமத்தையை உலர்த்திப் புகைத்தால் மூச்சிரைப்பு தணியும் என்பது நம் நாட்டில் பழங்கால வழக்கு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராயிருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் அமைத்து, சாயம் தரும் பூச்சியை வளர்க்க முயன்றவரும் இவரே. இவர் இந்த ஊமத்தைப் புகையைக் கையாண்டு பயன் கண்டார். இவரிடமிருந்து அதனை அறிந்த ஜெனரல் ஜென்ட் என்னும் படைத்தலைவர், 1802ஆம் ஆண்டில் அதனைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பிய ஊமத்தை வகையைக் கொண்டு அங்கே புகைக்குழாய்களும், பின்னாளில் ஆஸ்துமா சிகரெட்டுகளும் பெருகின. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்சல் புரூஸ்ட் உள்ளிட்ட எத்தனையோ பேர் அப்புகையை நம்பி இரவுகளைக் கழித்தனர்.

சென்னையிலும் இம்மூலிகை ஆராய்ச்சி தொடர்ந்தது. திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணிபுரிந்த முகைதீன் ஷெரீப் என்னும் முஸ்லிம் மருத்துவ அறிஞர், இந்திய மருந்து நூலுக்கு 1869ஆம் ஆண்டில் ஒரு துணைநூல் வெளியிட்டார். ஒரே மூலிகை ஊருக்கொரு பெயரில் வழங்கியதால் விளைந்த குழப்பத்தை நீக்க, தமிழ் உட்படப் பல மொழிப் பெயர்களை ஒப்பிட்டு அவர் வரையறுத்தார். அவர் மறைவுக்குப் பின் 1891ஆம் ஆண்டில் சென்னை மருந்துப் பொருள்களைப் பற்றிய அவரது மற்றொரு நூலும் வெளிவந்தது. நம் சமுதாயம் மறந்துவிட்ட பெயர்களுள் இதுவும் ஒன்று.

நஞ்சை நீக்கிய வேதியியல்

ஊமத்தை பலன் தந்தது. ஆனால் அளவு மீறினால் வாய் வறளும், கண்மணி விரியும், சித்தம் கலங்கும், உயிரும் போகும். எந்தச் செடியில் எவ்வளவு சத்து உள்ளது என்று புகைப்பவருக்குத் தெரியாது. மேலும், நோயுற்ற நுரையீரலுக்குள் புகையையே செலுத்துவது எங்ஙனம் நல்ல மருத்துவமாகும்? எனவே இன்று எவரும் அதனைக் கையாளலாகாது.

ஊமத்தையின் இனச்செடிகளிலிருந்து அட்ரோபின் என்னும் சத்து 1830களில் பிரித்தெடுக்கப்பட்டது. காற்றுக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் நரம்பின் கட்டளையை அது தடுக்கிறது என்பது பின்னர் விளங்கிற்று. வேதியியலார் அதன் கட்டமைப்பைச் சிறிது மாற்றி, மூளைக்குள் எளிதில் நுழையாமல் நுரையீரலிலேயே தங்கிப் பணிபுரியும் மருந்துகளை உருவாக்கினர். 1970களில் இப்ராட்ரோபியம் வந்தது. 2002ஆம் ஆண்டில், ஒருமுறை உறிஞ்சினால் ஒரு நாள் முழுதும் பயனளிக்கும் டியோட்ரோபியம் ஐரோப்பாவில் புழக்கத்துக்கு வந்தது. ஆண்டர்சன் கண்ட புகையின் நேர் வாரிசுகள் இவை.

மற்றொரு மருந்துக் குடும்பம் அட்ரினலினிலிருந்து வளர்ந்தது. அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்றின் தலைவருடைய சிறுவயது மகள், ஆஸ்துமா மருந்தையும் வாசனைத் தெளிப்பான் போலச் செய்யக்கூடாதா என்று கேட்டதன் பயனாக, அளவிட்டுத் தெளிக்கும் கைக்கருவி 1956ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. 1960களில் பிரிட்டனில், வீரியம் மிகுந்த ஐசோபிரினலின் தெளிப்பான்கள் பரவிய காலத்தில் ஆஸ்துமா மரணங்கள் கூடின. இன்ஹேலர் மீதான அச்சத்துக்கு வேர் ஒன்று உண்டென்றால் அது அந்தக் காலத்து மருந்தைச் சார்ந்ததே. குழாய்த் தசைகளை மட்டும் பெரிதும் நாடும் சால்பியூட்டமால் 1969ஆம் ஆண்டில் வந்தபின் நிலைமை மாறிற்று.

இந்தியாவில் இம்மருந்துகள் எளியோருக்கும் எட்டியதில், குவாஜா அப்துல் ஹமீது 1935ஆம் ஆண்டில் பம்பாயில் நிறுவிய சிப்லா நிறுவனத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், மருந்தின் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை வழங்கியது. அதனால் வெளிநாட்டு மருந்துகளை வேறு செய்முறையில் இங்கேயே குறைந்த விலையில் செய்ய முடிந்தது. அச்சட்டத்துக்காகப் பாடுபட்டவர்களுள் அவருடைய மைந்தர் யூசுப் ஹமீதும் ஒருவர்.

நரம்பின் கட்டளையைத் தடுக்கும் மருந்தையும் தசையைத் தளர்த்தும் மருந்தையும் ஒரே கருவியில் அடக்கிய, நீண்ட நேரம் பயனளிக்கும் கூட்டு இன்ஹேலர்கள் 2013ஆம் ஆண்டு முதல் பரவின. தேவைப்படுவோர்க்கு ஸ்டீராய்டும் சேர்க்கப்படுகிறது. ஒரு கதவுக்கு இரு தாழ்ப்பாள்கள் இருக்கும்போது ஒன்றை மட்டும் திறந்து பயனில்லை அல்லவா? நெஞ்சுக்குள் தேங்கி நின்ற பழைய காற்று வெளியேறினால்தான் புதுக்காற்றுக்கு இடம் கிடைக்கும். அதற்கு இவ்விரண்டும் சேர்ந்து உதவுகின்றன. இவை போதைப் பொருள்கள் அல்ல. மாத்திரையைவிட மிகச் சிறிய அளவில், வேண்டிய இடத்துக்கே செல்பவை.

ஓய்வு தந்த கேடு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவர்களும் "அசையாதீர்கள்" என்றே கூறினர். நம் வீடுகளின் முதல் பேச்சு அவர்களிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம். 1950களில் ஆல்வன் பராக் என்ற அமெரிக்க மருத்துவர், பயிற்சி பெற்ற நோயாளிகளின் நடைத்திறன் கூடுவதைக் கண்டு எழுதினார். 1960களில் டென்வர் நகரில் தாமஸ் பெட்டி அதனை ஒரு முறையாகவே வகுத்தார். 2015ஆம் ஆண்டில் 65 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய காக்ரேன் அறிக்கை, பயிற்சி முறையால் மூச்சிரைப்பு குறைகிறது, நடைத்திறனும் வாழ்க்கைத் தரமும் உயர்கின்றன என்று உறுதிசெய்தது. பயிற்சி உண்டா இல்லையா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் இனித் தேவையில்லை என்று கூறுமளவுக்குச் சான்று திரண்டிருந்தது.

நுரையீரல் சீராகாதபோது பயிற்சியால் எப்படிப் பயன் விளைகிறது? மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்துவிட்டால் கால் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசை சிறு வேலைக்கும் மிகுதியான காற்றைக் கேட்கிறது. அதனால் மேலும் மூச்சு வாங்குகிறது, மேலும் உட்காருகிறார். இச்சுழலை மருந்து மட்டும் உடைப்பதில்லை. 2005ஆம் ஆண்டில் ரிச்சர்டு கசாபூரி குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. பயிற்சியோடு டியோட்ரோபியமும் பெற்றவர்கள், பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட நீண்ட நேரம் நடந்தனர். மருந்து மூச்சுக்கு வழி திறக்கிறது. அவ்வழியைப் பயன்படுத்த வேண்டியவை கால்கள்.

நம் வீடுகளுக்கு

வரலாறு கூறும் பாடத்தை நம் தெருவுக்குக் கொண்டு வருவோம். முதலில் புகை நிற்க வேண்டும். பீடி, சிகரெட்டு, அடுப்புப் புகை யாவும் அடங்கும். மூச்சுத்திறன் சோதனை செய்து நோய் இன்னதென உறுதிசெய்துகொள்ள வேண்டும். மருத்துவர் தரும் இன்ஹேலரைப் பயன்படுத்தும் முறையை அவர் முன்னிலையிலேயே செய்துகாட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். தவறாக உறிஞ்சினால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். ஸ்டீராய்டு கலந்ததாயின் பின்னர் வாய் கொப்பளிக்க வேண்டும்.

அடுத்தது நடை. மருத்துவர் இசைவு தந்தபின், தெருவிளக்குக் கம்பம் வரை முதல் நாள். சில நாள் கழித்து அதற்கடுத்த கம்பம் வரை. சற்றே மூச்சு வாங்கலாம். பேச முடியாத அளவுக்கு வாங்கக் கூடாது. மூக்கால் இழுத்து, உதடுகளைக் குவித்து மெல்ல விடுதல் துணைசெய்யும். நெஞ்சுவலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். சாரல் பெய்யும் நாளில் வீட்டு முற்றத்திலேயே நடக்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதும் பயிற்சியே.

ரமலானில் சிலர் தாமாகவே மருந்தை நிறுத்தி நோயை முற்ற விடுகின்றனர். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகை யாவரும் அறிந்தது. இன்ஹேலரால் நோன்பு முறியுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ போதுமான மருந்துகளை ஸஹரிலும் நோன்பு துறந்த பின்னும் அமைத்துக்கொள்ள வழியிருக்கிறது. எனவே மருத்துவரையும் ஆலிமையும் முன்கூட்டியே கலந்துகொள்ளுதல் நன்று. திணறல் வந்த வேளையில் உடனடி மருந்தைத் தள்ளிப்போடுதல் கூடாது.

இந்நோய் முற்றிலும் நீங்குவதில்லை என்பது உண்மை. ஆனால் நீங்காத நோயோடும் நிமிர்ந்து நடக்கலாம் என்பதும் உண்மையே. "வாப்பா, பேசாம இருங்க" என்று சொல்லும் மகன், இனி "வாங்க வாப்பா, மருந்தை இழுத்துட்டு மெதுவா நடப்போம்" என்று கைகொடுக்கட்டும். பள்ளிவாசல் அதே இரண்டு தெரு தொலைவில்தான் இருக்கிறது.