காலிப் பாக்கெட்டுக்கும் மதிப்பு

கடலூரில் 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு சி.கே. ரங்கநாதன் தொடங்கியதுதான் சிக் ஷாம்பு. தகப்பனார் சின்னி கிருஷ்ணனின் பெயர்ச் சுருக்கமே ‘சிக்’. ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையும் தகப்பனாருடையதே.

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அப்போது தலைக்குச் சீயக்காய்தான். அங்கே வெறும் பேச்சு எடுபடாது. சிக் ஆட்கள் ஊர் ஊராகப் போய், ஒரு பையனை நிறுத்தி, எல்லோர் முன்னும் தலை அலசிக் காட்டினார்கள். முடியைத் தொட்டு, முகர்ந்து பார்க்கச் சொன்னார்கள். ரஜினி படம் போட்டு, இடையிடையே விளம்பரம் காட்டி, பாக்கெட்டுகளை இலவசமாகக் கொடுத்தார்கள்.

நான் மிகவும் மெச்சுவது காலிப் பாக்கெட் திட்டத்தைத்தான். எந்தக் கம்பெனியுடையதானாலும் ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். ஷாம்பு போடும் பழக்கம் ஏற்கெனவே உள்ளவர்கள் யாரென்று தேடி அலைய வேண்டியதில்லை, அவர்களே கடைக்கு வந்தார்கள்! கை பழகியபின், சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றினார்கள்.

1999-இல் 50 காசுப் பாக்கெட் வந்தது. கூலி வேலை முடித்துத் திரும்பும் பெண்ணால், பாட்டிலுக்குப் பணம் சேரட்டும் என்று காத்திருக்காமல், மளிகை வாங்கிய மீதிச் சில்லறையிலேயே அதை வாங்க முடிந்தது.