அழுகை அடங்கியபோது

பிணியுற்ற பிள்ளைக்கு மருந்தும் படுக்கையும் மட்டும் போதுமா? போதாதென்று இன்று நாம் எளிதில் விடையிறுக்கிறோம். மருத்துவ உலகமோ அவ்விடையை அடைய நெடுங்காலம் ஆயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிலாந்தின் மருத்துவமனைகள் பலவற்றில் பெற்றோர் வாரத்திற்கு ஒருமுறை மட்டுமே பிள்ளையைக் காணலாம். காசநோயால் மாதக்கணக்கில் சானடோரியங்களில் கிடந்த சிறுவர்க்கும் இத்தகைய விதியே. இதைக் கொடுமையென்று கூறி நாம் கடந்துவிடலாகாது. தொற்றைப் பற்றிய அச்சம் அக்காலத்தில் மெய்யானதே. மேலும், பெற்றோர் வந்து சென்றால் பிள்ளைகள் அழுதனர்; வராத நாள்களில் அமைதியாய் இருந்தனர். ஆதலின் வாராமையே நலமென்று செவிலியர் நம்பினர்.

அவ்வமைதியின் பொருள் யாதென வினவியவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். உளநல மருத்துவர் ஜான் பவுல்பியின்கீழ் 1948-இல் லண்டனில் பணியேற்ற அவர், குழந்தைகள் பிரிவுகளில் அமர்ந்து பொறுமையுடன் உற்று நோக்கினார். பிள்ளை முதலில் அழுது போராடுகிறது. பின்பு நம்பிக்கையிழந்து ஒடுங்குகிறது. இறுதியில் யாவரிடமும் சிரிக்கிறது, தாய் வந்தாலோ முகம் திருப்பிக்கொள்கிறது. இந்த மூன்றாம் நிலையைத்தான் மருத்துவமனைகள் ‘பழகிவிட்டது’ என்று மெச்சின.

சொல்லை நம்பாதவர்க்குக் காட்சியே சான்றாகுமென்று கருதி, குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் தங்கிய இரண்டரை வயதுகூட நிரம்பாத சிறுமியொருத்தியை அவர் படமெடுத்தார். அவள் பெரிதும் அழவில்லை. அழுகையை அடக்க முயலும் அம்முகமே அனைத்தையும் உரைத்தது. 1952-இல் மருத்துவர் அவையில் அப்படம் காட்டப்பட்டபோது, தம் தொழிலை இழிவுபடுத்தியதாகப் பலர் சினந்தனர்.

எனினும் உண்மை மெல்ல வேரூன்றியது. நியூகாசில் நகரில் மருத்துவர் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920-களிலேயே தாய்மாரைப் பிள்ளைகளோடு தங்கச் செய்திருந்தார். 1959-இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு, தடையற்ற பார்வை நேரமும், சிறு பிள்ளையுடன் தாய் தங்க இடமும், விளையாட்டும் கல்வியும் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டளவில் நின்றுவிடாதபடி, 1961-இல் லண்டன் தாய்மார் சிலர் சங்கம் கண்டு போராடினர்.

இவ்வரலாற்றில் ஆறுதலும் உண்டு. நான்கு வயதுக்கு முன் சானடோரியத்தில் வாழ்ந்த 60 பிள்ளைகளைப் பின்னாளில் ஆராய்ந்த பவுல்பி குழுவினர், பாதிப்பு தாம் அஞ்சிய அளவுக்கு இல்லையென 1956-இல் வெளிப்படையாகவே எழுதினர். பிள்ளை மனம் எளிதில் காயமுறும். ஆயினும் மீளும் ஆற்றலும் உடையது. அம்மீட்சிக்குத் துணைநிற்பதே காலத்தே அளிக்கும் உளநலப் பராமரிப்பு.

நீரிழிவோ புற்றுநோயோ உற்ற பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் உள்ளனர். ஊசிக்கு அழாது கை நீட்டும் பிள்ளையை ‘சமர்த்து’ என்று புகழ்கிறோம். புகழுமுன், அருகமர்ந்து, “உள்ளே என்ன நினைக்கிறாய், கண்ணே?” என்று கேட்போமா?