கருணைக் காசா, உழைத்த கூலியா?

தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், முல்லைப் பெரியாற்றை ஒட்டிய ஊர் பழனிசெட்டிபட்டி. அங்கே மூவகை முதியோரைக் காணலாம். அரசு அலுவலகத்தில் எழுதி ஓய்ந்தவர் ஒருவர். நூற்பாலையில் நின்றே கால் தளர்ந்தவர் ஒருவர். வயலில் நாற்று நட்டு முதுகு வளைந்த மூதாட்டி ஒருவர். மூவரும் உழைத்தவர்களே! ஆனால் முதுமையில் மூவருக்கும் கிடைப்பது ஒன்றா? கிடைக்காதபோது ஏன் என்று கேட்கும் உரிமையாவது ஒன்றா?

1871ஆம் ஆண்டில் வெள்ளையராட்சி ஓய்வூதியச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. அரசு அளிக்கும் ஓய்வூதியம் குறித்து உரிமையியல் மன்றம் வழக்கேற்கலாகாது என்றது. கலெக்டர் சான்று தந்தாலன்றிக் கதவு திறவாது. மன்னன் மகிழ்ந்தால் பொற்கிழி, முனிந்தால் வெறுங்கை! அந்தப் பழைய பாடத்தையே வெள்ளைக்காரன் சட்டமாக அச்சிட்டான்.

நூறாண்டு கழிந்து, 1971இல் பீகார் அரசின் கல்வித் துறையில் பணியாற்றிய தேவகி நந்தன் பிரசாத்தின் வழக்கில் அக்கதவு அசைந்தது. ஓய்வூதியம் அரசின் விருப்பத்தைப் பொறுத்த கொடையன்று, உரிமை என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை நீதிப்பேராணைக்குக் குறுக்கே நிற்காது என்றும் தெளிவுபடுத்திற்று.

அடுத்து வந்தது நகாரா வழக்கு. 1979 மே 25இல் மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கைத் தாராளமாக்கி ஆணையிட்டது. நல்லதுதான். ஆனால் 1979 மார்ச் 31 அன்றோ அதற்குப் பின்னரோ ஓய்வு பெறுவோருக்கே அது பொருந்துமாம்! மார்ச் 30இல் வெளியேறியவர் செய்த குற்றம் என்ன? அவருக்கு மட்டும் அரிசி மலிவாகவா கிடைத்தது? பஞ்சாங்கக்காரன் நாள் குறித்தால் காரணம் கேட்கும் நாம், அரசு நாள் குறித்தால் மட்டும் கேளாதிருப்பதா? டி. எஸ். நகாரா என்ற ஓய்வு பெற்ற அலுவலர் கேட்டார். ‘காமன் காஸ்’ என்ற அமைப்பும் உடன் நின்று வழக்காடிற்று.

1982 டிசம்பர் 17இல் ஐந்து நீதிபதிகள் ஆயம் தீர்ப்பளித்தது, எழுதியவர் டி. ஏ. தேசாய். ஓய்வூதியர் அனைவரும் ஒரே இனம். காரணமற்ற நாளொன்றால் அவர்களைப் பிளப்பது சமத்துவம் பேசும் 14ஆம் உறுப்புக்கு முரண் என்றது தீர்ப்பு. அரசின் ஆணை முழுவதையும் அது வீழ்த்திவிடவில்லை. பிளவு உண்டாக்கிய சொற்களை மட்டும் வெட்டியெறிந்தது. குறித்த நாளுக்கு முந்தைய நிலுவை கிடையாது. அதன்பின் முன்னவருக்கும் புதுக் கணக்கே. கத்தியை எங்கே வைப்பது என்று அறிந்த தீர்ப்பு!

அலுவலர் வென்றார். ஆலைத் தொழிலாளி? அவருக்கு 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். 2014இல் அதற்கு வகுத்த குறைந்த அளவு மாதம் 1,000 ரூபாய். அதே ஆண்டின் திருத்தம், ஓய்வூதியக் கணக்குக்குரிய சராசரிச் சம்பளத்தை 12 மாதத்திலிருந்து 60 மாதத்துக்கு நீட்டிற்று. கடைசி ஆண்டின் உயர்ந்த கூலி, பழைய குறைந்த கூலியோடு கலந்து கரைந்தது. 2022 நவம்பர் 4இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தின் ஒரு பகுதியைச் செல்லாதென்றது; இந்த 60 மாதக் கணக்கையோ ஏற்றது.

மூதாட்டிக்கு முதியோர் உதவித்தொகை உண்டு. சென்னை மாநிலத்தில் 1962இல் தொடங்கியது. முதுமையில் உதவி பெறும் உரிமையை அரசமைப்பின் 41ஆம் உறுப்பு பேசுகிறது. அரசின் பொருள்வலிமைக்கு உட்பட்டு என்று ஒரு முடிச்சும் போடுகிறது. அதை நீதிமன்றத்தின் வழியே நிறைவேற்ற இயலாது என்று 37ஆம் உறுப்பு முன்பே சொல்லிவிட்டது. தொகை போதவில்லை என்று 41ஆம் உறுப்பை மட்டும் கையிலேந்தி அவர் வழக்காட முடியாது. தாசில்தாருக்கு மனு எழுதலாம்.