கன அடி – கன மீட்டர் மாற்றம்: காவிரிக் கரையில் நீரோட்ட அளவைகளின் வரலாறு

ஆற்றிலோ கால்வாயிலோ குழாயிலோ ஓர் இடத்தை ஒரு விநாடியில் கடந்து செல்லும் நீரின் கன அளவு, நீரோட்ட அளவு எனப்படும். மெட்ரிக் முறையில் இதை விநாடிக்கு இத்தனை கன மீட்டர் அல்லது லிட்டர் என்பர். பிரிட்டிஷ் முறையில் விநாடிக்கு இத்தனை கன அடி. பொறியாளர் பேச்சில் முன்னது கியூமெக், பின்னது கியூசெக். ஓர் அடி என்பது சரியாக 0.3048 மீட்டர் என்று அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் 1959-இல் ஒப்புக்கொண்டன. அந்த எண்ணை மூன்று முறை பெருக்கினால் ஒரு கன அடி 0.0283168 கன மீட்டர், அதாவது 28.3168 லிட்டர். ஒரு கன மீட்டர் 35.3147 கன அடி. மாணவர்கள் பலர் 0.3048-ஐ ஒரே முறை பெருக்கிவிட்டு நின்றுவிடுவார்கள். விடை பத்து மடங்குக்கு மேல் தப்பும். அதைத் தவிர இந்தக் கணக்கில் சிக்கல் எதுவும் இல்லை.

சிக்கல், அடியை உள்ளே வைத்துக் கட்டப்பட்ட மற்றவற்றில் இருக்கிறது. திருச்சியை ஒட்டிய காவிரியில், முக்கொம்புக்கும் கல்லணைக்கும் இடையே, அதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

கன அடி வந்த வழி

பழைய பாசனத்தில் நீரை நேரத்தால் பங்கிட்டார்கள். முறை வைத்து, இன்னார் வயலுக்கு இத்தனை நாழிகை என்று மடை திறந்தார்கள். எவ்வளவு தண்ணீர் என்பதை மதகுக் கண்ணின் அளவும் ஏரியின் மட்டமும் தீர்மானித்தன. விநாடிக்கு எவ்வளவு என்று யாரும் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, திருச்சி நகருக்குள் புகுந்து, வாழவந்தான்கோட்டை ஏரி வரை போகும் உய்யக்கொண்டான் வாய்க்கால் இராசராச சோழனின் பட்டப்பெயரைத் தாங்கியது. அதன் கடைமடைக்காரர்களுக்கு இன்றும் முதல் கேள்வி, நம் முறை எப்போது வரும் என்பதுதான்.

ஆற்றையே பிரித்துத் தரவேண்டிய வேலை வந்தபோது ஓட்டத்தை அளக்கவேண்டி வந்தது. காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. தண்ணீர் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போக, காவிரி மணலேறித் தூர்ந்துவந்தது. இதைத் தடுக்க ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். இப்போது காவிரிக்குள் தேவைக்கு மேல் தண்ணீர் புகத் தொடங்கவே, பின்னர் காவிரித் தலைப்பிலும் ஓர் அணை எழுப்பப்பட்டது. இரண்டு கிளைக்கும் எவ்வளவு என்று சொல்ல ஓர் எண் தேவைப்பட்டது.

வடக்கே, புரோபி காட்லி வெட்டி 1854-இல் திறக்கப்பட்ட கங்கைக் கால்வாய் விநாடிக்கு 6,750 கன அடி என்ற கணக்கில் வடிவமைக்கப்பட்டது. ரூர்க்கிக் கல்லூரியில் படித்து வந்த பொறியாளர்களுக்கும் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறைக்கும் அந்த அளவே பொதுவான வழக்கானது.

முக்கொம்பின் அளவுகோல்

ஆற்றின் ஓட்டத்தை யாரும் தினமும் நேராக அளப்பதில்லை. ஷட்டர் அருகே சுவரில் பதித்த அளவுகோலில் தண்ணீர் மட்டத்தை லஸ்கர் எனப்படும் பாசன ஊழியர் பார்க்கிறார்; எத்தனை ஷட்டர் எவ்வளவு உயரம் தூக்கியிருக்கிறது என்பதைப் பார்க்கிறார்; இரண்டையும் நோட்டில் எழுதுகிறார். அந்த மட்டத்துக்கும் திறப்புக்கும் இத்தனை கன அடி என்று எப்போதோ கணித்து வைத்த அட்டவணை அலுவலகத்தில் இருக்கிறது. பத்திரிகையில் நாம் படிக்கும் கன அடி, அந்த அட்டவணையிலிருந்து வருவது. கோலில் கோடுகள் அடியில் இருக்கும்வரை அட்டவணையும் அடியில்தான் இருக்கும்.

இந்தக் கோலுக்கு எவ்வளவு அரசியல் கனம் உண்டு என்பதை 1924-ஆம் ஆண்டு சென்னை – மைசூர் ஒப்பந்தம் காட்டுகிறது. கிருஷ்ணராஜசாகரில் மைசூர் தண்ணீரைத் தேக்கத் தொடங்குமுன் மேலணைக்கு எவ்வளவு வந்து சேரவேண்டும் என்பதை அதன் ஒழுங்குவிதிகள் கன அடியாகச் சொல்லவில்லை. மேலணையில் காவிரி அணையின் வடகிழக்கு அளவுகோல் காட்டவேண்டிய மட்டமாக, மாதவாரியாக அடியில் சொன்னன. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கு ஏழரை அடி. திருச்சியில் ஒரு சுவரில் நின்ற கோல், மைசூர் அணையின் மதகைக் கட்டுப்படுத்தியது. அந்த ஏழரை அடியை மீட்டரில் எழுத ஒரு நொடி போதும். ஆனால் இரண்டு அரசுகள் கையெழுத்திட்ட தாளில் அதை யார் போய்த் திருத்துவது?

வாய்பாட்டுக்குள் ஒளிந்த அடி

மட்டத்தை ஓட்டமாக மாற்றும் வாய்பாடுகள் இன்னொரு பொறி. அமெரிக்காவின் லோவெல் நகர ஆலைக் கால்வாய்களில் சோதனை நடத்திய ஜேம்ஸ் பிரான்சிஸ், அகலமான தடுப்பின் மேல் வழியும் நீருக்கு ஒரு வாய்பாடு தந்தார்: வழியும் நீரின் உயரத்தை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தி, தடுப்பின் நீளத்தால் பெருக்கி, பிறகு 3.33-ஆல் பெருக்கவேண்டும். அடியில் அளந்தால் விடை கன அடியில் வரும். மீட்டரில் அளப்பவர் 3.33-ஐ அப்படியே வைத்துக்கொண்டு விடையைக் கன மீட்டர் என்று எழுதினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தப்பு. அவர் 1.84-ஆல் பெருக்கவேண்டும். 3.33-ஐ 0.3048-இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் இந்த 1.84 கிடைக்கும். வாய்க்காலில் ஓடும் நீருக்கான மானிங் வாய்பாட்டிலும் இதே கதை: மீட்டரில் வெறும் 1 இருக்கும் இடத்தில் அடிக்காரர்கள் 1.486 போடவேண்டும், அங்கே கனமூலம். கன அடியைக் கன மீட்டராக்க ஒரே எண். வாய்பாடுகளுக்கோ ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலம்.

பாசனத் திறனும் இப்படியே. ஒரு கன அடி நீர் 60 ஏக்கரைப் பாய்க்கும் என்று ஒரு வாய்க்காலுக்குக் கணக்கிருந்தால், மெட்ரிக்கில் அது ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 857 ஹெக்டேர். எண் சரி. ஆனால் பட்டாவை ஏக்கரிலும் சென்ட்டிலும் சொல்லும் விவசாயிக்கு அது எதையும் சொல்லாது.

சட்டம் மாறியது, ஆறு மாறவில்லை

எடை, அளவைத் தரப்படுத்தும் சட்டத்தை இந்தியா 1956-இல் இயற்றியது. 1957-இல் நயா பைசா வந்தது, 1958 முதல் கிலோவும் மீட்டரும் படிப்படியாகக் கடைத்தெருவுக்கு வந்தன. சேரும் வீசையும் ஒரு தலைமுறைக்குள் ஒழிந்தன. கன அடி ஒழியவில்லை. பிரிட்டனே தன் ஆறுகளை விநாடிக்குக் கன மீட்டரில் பதிவு செய்யத் தொடங்கிவிட்ட பிறகும், அவர்கள் விட்டுச்சென்ற அளவு காவிரியிலும், எல்லை தாண்டிப் பாகிஸ்தானின் சிந்துவிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

விளைவாக ஒரே அணைக்கு இரண்டு உருவம். 1934-இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பது டெல்டாவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மத்திய நீர்வள ஆணையத்தின் நீர்த்தேக்க அறிக்கையில் அதே அணை 240.79 மீட்டர், 2.647 பில்லியன் கன மீட்டர் என்று நிற்கும். கடல்மட்டத்திலிருந்து 790 அடி என்பதே அந்த 240.79. கொள்ளளவு எண்ணும் பிசிறில்லாமல் பொருந்துகிறது: 93.47-ஐ 28.3168-ஆல் பெருக்கினால் 2,647 மில்லியன் கன மீட்டர். ஆனாலும், நூற்றிருபது எட்டிடுச்சா என்று கேட்கும் தஞ்சாவூர்க்காரரிடம் 240.79 என்று சொன்னால் அவர் முகம் மாறாது.

டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. தேக்கத்தின் அளவு, ஓட்டத்தின் அளவு அல்ல. இரண்டையும் இணைப்பது ஒரு நாளின் 86,400 விநாடிகள். விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி. காவிரி வழக்கைப் பின்தொடர விரும்புகிறவர் மனப்பாடம் செய்யவேண்டிய எண் இது ஒன்றே. 2007-இல் நடுவர் மன்றம் தமிழகத்துக்கு ஒதுக்கிய 419 டிஎம்சியும், 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் கர்நாடக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தரச்சொன்ன 177.25 டிஎம்சியும் ஆண்டுக் கணக்குகள். அவ்வப்போதைய ஆணைகளோ விநாடிக் கணக்கில் வருகின்றன. 2016 செப்டம்பர் 5-இல் நீதிமன்றம் 10 நாளுக்கு 15,000 கன அடி திறக்கச் சொன்னது. அது முழுதாக ஓடியிருந்தால் 12.96 டிஎம்சி. 2023 ஆகஸ்ட் கடைசியில் வந்த 15 நாளுக்கு 5,000 கன அடி என்பது 6.48 டிஎம்சி. 177.25 டிஎம்சியை ஆண்டு முழுக்கச் சமமாகப் பரப்பினால் விநாடிக்கு சுமார் 5,620 கன அடி. ஆனால் காவிரி அப்படிச் சமமாக ஓடுவதில்லை. மாதவாரிப் பங்கு வைத்ததன் காரணமும் அதுதான்.

இந்த 5,000-ஐ மெட்ரிக்கில் 141.584 கன மீட்டர் என்று எழுதுபவரைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்கலாம். கவனமாக அளந்தாலும் ஆற்றோட்ட அளவில் நூற்றுக்குச் சில பங்கு பிழை சாதாரணம். 5,000 என்ற முழு எண்ணுக்குள் அந்தத் தயக்கம் தெரிகிறது. மூன்று தசம இடத்தில் அது மறைந்துவிடுகிறது. 142 என்று எழுதுவதே நேர்மை.

குழாய்க்குள் போனால்

திருச்சிக்குக் குடிநீர் தருவது கம்பரசம்பேட்டையிலும் கொள்ளிடத்திலும் உள்ள சேகரிப்புக் கிணறுகள். ஆற்று மணலிலிருந்து இந்தத் தண்ணீர் குழாய்க்குள் ஏறியதும் கன அடி காணாமல் போய், நாளொன்றுக்கு இத்தனை மில்லியன் லிட்டர் என்றாகிவிடும். ஒரு கன அடி ஓட்டம் நாளுக்கு 24.47 லட்சம் லிட்டர். பழைய குடிநீர்க் கோப்புகளில் கேலன் வரும். அங்கே நிதானம் தேவை. பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். இறக்குமதி பம்பின் தகட்டில் எந்த கேலன் என்று போட்டிருக்காது. ஆறில் ஒரு பங்கு தண்ணீர் அந்த மௌனத்தில் போய்விடும்.

இதைவிட நுட்பமான பொறி திருச்சியை ஒட்டிய திருவெறும்பூரின் தொழிற்கூடங்களுக்குச் சொந்தமானது. 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒத்துழைப்போடு இங்கே எழுந்த உயரழுத்தக் கொதிகலன் ஆலையை ஊரார் பெல் என்பார்கள். செக் வரைபடம் மெட்ரிக்கில் பிறந்தது. பின்னர் அமெரிக்காவின் கம்பஸ்சன் இன்ஜினியரிங் நிறுவனத்தோடு தொழில்நுட்ப உடன்பாடு வந்தது. அமெரிக்கக் கொதிகலன் உலகம் பவுண்டு, அடி, கேலன் பேசுவது. பெல் கொதிகலனோடு வால்வுகளும் செய்கிறது. ஒரு வால்வு எவ்வளவு நீர் விடும் என்பதை அமெரிக்க முறையில், சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்த இழப்பில் நிமிடத்துக்கு இத்தனை கேலன் என்று குறிப்பார்கள். ஐரோப்பிய முறையில், ஒரு பார் அழுத்த இழப்பில் மணிக்கு இத்தனை கன மீட்டர். நிமிடத்துக்கு ஒரு அமெரிக்க கேலன் என்பது மணிக்கு 0.227 கன மீட்டர் என்பதால் வால்வு எண்ணையும் 0.227-ஆல் பெருக்கிவிடத் தோன்றும். சரியான பெருக்கெண் 0.865. அழுத்த அலகும் கூடவே மாறுகிறது, ஒரு பார் 14.5 பவுண்டு, ஓட்டமோ அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவது. இதை மறந்தவர் தேவையைவிடப் பல மடங்கு பெரிய வால்வைத் தேர்ந்தெடுத்துவிடுவார்.

அங்குலத் தண்ணீர்

கன அடியும் கன மீட்டரும் எட்டாத இடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக்காரர்கள், ரெண்டு இஞ்ச் தண்ணி என்பார்கள். கம்ப்ரசர் காற்றில் பீறிட்டு வரும் தண்ணீரைச் சிறு ஓடையாகத் திருப்பி, நடுவில் செங்கோண வடிவில் வெட்டிய தகட்டைக் குறுக்கே நட்டு, வெட்டின் அடிமுனைக்கு மேல் தண்ணீர் எவ்வளவு ஏறி நிற்கிறது என்று பார்ப்பது முறையான வழி. அந்த உயரம் 2 அங்குலமானால் விநாடிக்கு 0.8 லிட்டர், மணிக்குச் சுமார் 2,900 லிட்டர். இங்கே ஓட்டம் உயரத்தின் இரண்டரை அடுக்கில் வளர்கிறது. ஆகவே 4 அங்குலம் என்பது 2 அங்குலத்தைப்போல் இரு மடங்கல்ல, ஐந்தரை மடங்குக்கும் மேல். தகடு இல்லாமல் கண்ணால் பார்த்து இஞ்ச் சொல்லும் வழக்கமும் உண்டு. குழாய் வாய் எத்தனை அங்குலமோ அத்தனை என்று கணக்கிடுவோரும் உண்டு.

கலிபோர்னியாவின் தங்கச் சுரங்கக்காரர்களும் அங்குலத்தில்தான் தண்ணீர் வாங்கினார்கள். பலகையில் வெட்டிய துளையின் பரப்பே அவர்கள் அளவு. இடத்துக்கு இடம் மாறியது. வழக்குகள் பெருகவே மாநிலங்கள் அதைக் கன அடியோடு கட்டிப்போட்டன: சில இடங்களில் 40 அங்குலம் ஒரு கன அடி ஓட்டம், சில இடங்களில் 50. தமிழ்நாட்டு இஞ்சுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. மோட்டார் வாங்கப் போகும்போது கடைக்காரர் காட்டும் பட்டியலில் குதிரைத்திறனும் நிமிடத்துக்கு லிட்டரும்தான் இருக்கும். கையிலிருக்கும் இஞ்சை லிட்டராக்கும் வேலை வாங்குபவருடையது.