வகுப்பும் பொதியும்: ஒரு குறியீட்டு மொழியின் வரலாறு

கணனி நிரல்களில் 'வகுப்பு' என்னும் கருத்து நோர்வேயைச் சேர்ந்த டாலும் நீகார்டும் அமைத்த சிமுலா 67 என்னும் மொழியோடு தோன்றியது. கருத்துப் பரவிய அளவிற்கு அதனை வரைந்து காட்டும் முறை ஒன்றுபடவில்லை. 1994ஆம் ஆண்டளவில் ஐம்பதிற்கு மேற்பட்ட முறைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. ஒருவர் வரைந்ததை மற்றவர் வாசிக்க இயலாத நிலையே நிலவியது எனலாம்.

அவற்றுள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன. கிரேடி பூச் வகுப்பினை மேக வடிவில் வரைந்தார். ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ரம்போவும் அவர்தம் துணைவர்களும் 1991இல் வெளியிட்ட முறையோ செவ்வகத்தைக் கையாண்டது. 1994இல் ரம்போ, பூச் பணியாற்றிய ரேஷனல் நிறுவனத்திற் சேர்ந்தார். அடுத்த ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த யாக்கொப்சனும் இணைந்தார். இம்மூவரின் முயற்சியால் உருவான ஒருங்கிணைந்த மாதிரியாக்க மொழி 1997 நவம்பரில் நியமமாக ஏற்கப்பட்டது. மேகம் மறைந்தது, செவ்வகம் நிலைத்தது. (மேகத்தைக் கையால் வரைய முயன்றவர் எவரும் இம்முடிவிற்காக வருந்தியிரார்.)

எனினும், வடிவம் பற்றிய இணக்கத்தை விட, எது எதற்கு உரியது என்னும் வினாவே இவ்வரலாற்றில் முதன்மையானது என்பது எமது கருத்தாகும். பூச்சின் முறையில் வகுப்புக்களைத் தொகுத்த பிரிவு, புதிய மொழியிலே பொதி என்னும் பெயரையும் மேலே சிறு நாக்குடைய கோப்புறையின் வடிவத்தையும் பெற்றது. ஒரு வகுப்பு ஒரு பொதிக்கு மாத்திரமே உரியது. ஆனால் எத்தனை வரைபடங்களிலும் அது தோன்றலாம். இதனாலேயே ரேஷனல் ரோஸ் போன்ற வரைகருவிகளில், வரைபடத்திலிருந்து நீக்குதலும் மாதிரியிலிருந்தே அழித்தலும் இருவேறு கட்டளைகளாயின. திரையிற் காண்பது வகுப்பன்று, அதன் ஒரு தோற்றமே. பொதியை அழிப்பின் அதற்குரிய வகுப்புக்கள் அனைத்தும் அழியும். அவற்றைப் பிற பொதிகளின் வகுப்புக்களோடு இணைத்த கோடுகளும் அவற்றோடு மறையும்.

வகுப்புக்களுக்கிடையிலான உரிமையைக் காட்டுவதற்கோ இரு சாய்சதுரங்கள் அமைந்தன. நிரப்பப்பட்டது, முழுமை அழியின் உறுப்பும் அழியும் என்பதைக் குறிக்கும்: பல்கலைக்கழகமும் அதன் பீடமும் போல. வெற்றுச் சாய்சதுரம் தளர்ந்த சேர்க்கையைக் குறிக்கும்: சங்கம் கலைந்தாலும் அங்கத்தவர் இருப்பர். பொதிக்கும் அதன் உள்ளடக்கத்திற்குமுள்ள உறவினை இம்மொழியின் நியமமே நிரப்பிய சாய்சதுரத்தாற் காட்டுவது மனங்கொள்ளத்தக்கது.

வெற்றுச் சாய்சதுரத்தின் கதை வேறு. சாதாரண இணைப்புக் கோட்டிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகின்றது என்பதில் வல்லுநர் ஒருமைப்படவில்லை. 2005இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பும் அதன் துல்லியமான பொருளைத் துறைக்கும் வரைபவருக்கும் விட்டுவிட்டது. ஆகவே ஒரே குறியீட்டை இருவர் வரையும்போது, அவர்கள் ஒன்றையே கருதினர் என்பதற்கு நியமம் எவ்வித உறுதியும் அளிப்பதில்லை.