தேஹளீசன்: வழக்கொழிந்து வரும் ஒரு திருநாமத்தின் வரலாறு

திந்த்ரிணீ என்றால் புளியமரம். திந்த்ரிணீவனம் என்ற பெயரே திண்டிவனம் என்றாயிற்று. அவ்வூரில் சென்ற ஆண்டு ஒரு திருமாளிகையில் நடந்த நாமகரணத்திற்கு அடியேனும் சென்றிருந்தேன். குழந்தையின் தகப்பனார் என்னைத் தனியே அழைத்து, "ஸ்வாமி, இதுவரை எவரும் வைக்காத பெயராக ஒன்று தேவரீர் ஸாதிக்க வேண்டும், அர்த்தமும் நன்றாக இருக்க வேண்டும்" என்று விஞ்ஞாபித்தார். அவர் கைபேசியில் முன்பே ஒரு பட்டியல் இருந்தது. அதில் முதலாவதாக 'ஆரவ்' என்ற பெயரும், அதற்கு 'சாந்தமானவன்' என்ற பொருளும் கண்டிருந்தன.

ஆரவம் என்ற வடசொல் 'ரு' என்ற தாதுவிலிருந்து பிறந்தது. ஒலி, முழக்கம், கூச்சல் என்பனவே அதன் பொருள். தமிழிலும் ஆரவம், ஆரவாரம் என்று வழங்குகிறோம். சாந்தம் என்ற பொருள் எவ்வாறு வந்ததென்பது பட்டியல் எழுதினவருக்கே வெளிச்சம். பெயரின்மேல் குற்றமில்லை, பாஞ்சஜந்யத்தின் முழக்கமும் ஆரவமே. பொருளைப் பொய்யாக எழுதியதே குற்றம். பொருளறியாத தகப்பனார் அதனை நம்பிப் பிள்ளையை ஆயுள் முழுவதும் அழைக்கவிருந்தார் என்பதே அடியேனுக்கு வருத்தம் தந்தது.

அரிய பெயர் வேண்டும் என்ற ஆசை தவறன்று. அதனை எங்கே தேடுவது என்பதுதான் கேள்வி. நம் முன்னோர் அதனைப் புதிதாகப் புனையவில்லை. தம் ஊர்ப் பெருமாளிடத்திலேயே பெற்றார்கள். இதனை விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளின் வரலாற்றைக் கொண்டே காட்டலாம்.

முதலில் விதியைப் பார்ப்போம். ஆபஸ்தம்ப க்ருஹ்யஸூத்ரம், பத்தாம் நாளில் தாய் எழுந்து நீராடியபின் தந்தையும் தாயும் பெயரிடுவதாகக் கூறுகிறது. ஆண்குழந்தையின் பெயர் இரண்டு அல்லது நான்கு அக்ஷரமுடையதாக இருக்கவேண்டும். முன்பகுதி பெயர்ச்சொல்லாகவும் பின்பகுதி வினையடியாகப் பிறந்ததாகவும் அமையவேண்டும். முதலெழுத்து க, ச, ட முதலிய வல்லொலியாக இல்லாமல் கோஷமுடைய மெய்யாக இருக்கவேண்டும். இடையில் ய, ர, ல, வ என்னும் அந்தஸ்தங்களில் ஒன்று வரவேண்டும். இறுதியில் நெடிலோ விஸர்கமோ நிற்கவேண்டும். பெண்குழந்தையின் பெயருக்கு ஒற்றைப்படை அக்ஷரங்கள் விதிக்கப்பட்டுள்ளன.

இத்தகைய க்ருஹ்ய விதிகள் இந்நாட்டில் ஏட்டளவில் நின்றவையல்ல. விக்கிரவாண்டி வட்டத்திலுள்ள எண்ணாயிரத்தில், முதலாம் ராஜேந்த்ரன் காலத்துக் கல்வெட்டொன்று அவ்வூர்க் கல்விச்சாலையை விவரிக்கிறது. இளமாணாக்கர் 270 பேர், முதுமாணாக்கர் 70 பேர், ஆக 340 பேர் அங்கே பயின்றனர். ருக்வேதத்திற்கு 75, யஜுர்வேதத்திற்கு 75, ரூபாவதாரம் என்னும் வ்யாகரண நூலுக்கு 40 என்று வகுத்த அக்கல்வெட்டு, பௌதாயன க்ருஹ்யம் முதலியவற்றைப் பயில 10 பேருக்கும் இடம் வைத்தது. ஸூத்ரம் வேறாயினும், பிள்ளைக்குப் பெயரிடும் ஸம்ஸ்காரமும் அப்பாடத்தைச் சேர்ந்ததே. திருவாய்மொழி விண்ணப்பம் செய்வதற்கும் அவ்வூரில் நிவந்தம் இருந்தது. வேதமும் தமிழும் ஒரே முற்றத்தில் ஒலித்த ஊர் அது.

இனித் தலைப்பிலுள்ள திருநாமத்திற்கு வருவோம். திருக்கோவலூர் 1993இல் விழுப்புரம் மாவட்டத்தில் அமைந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. உலகளந்த பெருமாள் எழுந்தருளியிருக்கும் அத்திவ்யதேசத்தின் இடைகழியில்தான், ஒரு மழையிரவில், பொய்கையார், பூதத்தார், பேயார் மூவரும் ஒருவரையொருவர் முதன்முதலாகக் கண்டனர். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே அவ்விடம். நான்காமவனாக எம்பெருமான் வந்து நெருக்கினான். அந்நெருக்கத்திலிருந்து மூன்று அந்தாதிகள் பிறந்தன. இடைகழி என்ற சொல்லே இன்று வீடுகளில் 'ரேழி' என்று வழங்குகிறது. வாசலைக் குறிக்கும் வடசொல் தேஹளீ. ஆதலால் அப்பெருமான் தேஹளீசன் ஆனான். வேதாந்த தேசிகனும் அவனை இப்பெயராலேயே தேஹளீச ஸ்துதியில் போற்றினார்.

இத்திருநாமத்தை மேற்சொன்ன ஸூத்ரத்தோடு வைத்துப் பாருங்கள். தே-ஹ-ளீ-ச: என நான்கு அக்ஷரங்கள். முதலிலுள்ள தகரம் கோஷமுடைய மெய். இடையில் லகாரத்தின் வர்க்கமான அந்தஸ்தம். ஈற்றில் விஸர்கம். 'தேஹளீ' பெயர்ச்சொல், 'ஈச' என்பது ஆளுதலைக் குறிக்கும் 'ஈச்' என்ற தாதுவின் வழிவந்தது. விதியில் ஒரு கூறும் குறையவில்லை. திருவஹீந்த்ரபுரத்து எம்பெருமானின் தேவநாதன் என்ற திருநாமமும் இவ்வாறே ஐந்து கூறுகளும் நிரம்பியது. விழுப்புரத்தை அடுத்த பூவரசன்குப்பத்து நாச்சியாரின் அம்ருதவல்லீ என்ற திருநாமம் ஐந்து அக்ஷரமாய்ப் பெண்களுக்குரிய விதியோடு பொருந்துகிறது. எல்லாத் திருநாமங்களும் இவ்வளவு பொருந்தும் என்று அடியேன் வாதிக்கவில்லை. கோவலூர் நாச்சியாரின் புஷ்பவல்லீ என்ற திருநாமம் நான்கு அக்ஷரமே. பூங்கோவல் நாச்சியார் என்பதோ இவ்விதிக்கு உட்படாத தூய தமிழ். ஸூத்ரம் நாக்கிற்கும் செவிக்கும் அளவு சொல்கிறது. நெஞ்சிற்கு அளவு சொல்பவர்கள் ஆழ்வார்கள்.

பெரியாழ்வார் தம் திருமொழியில் நான்காம் பத்தின் ஆறாம் திருமொழியை முழுவதும் இப்பொருளுக்கே அமைத்தார். ஆடைக்கும் காசுக்கும் ஆசைப்பட்டுப் பிறர் பெயரை இடுவோரை இடித்துரைத்து, நாரணன் பெயரிட்ட பிள்ளையின் தாய்க்கு நரகம் இல்லை என்று அறுதியிடுகிறார். அழைக்குந்தோறும் தாயின் நாவில் திருநாமம் ஏறும் என்பதே இதன் கருத்து.

ஆசார்யர்களுக்குப் பெயரிடுதல் நன்றிக்கடனைத் தீர்க்கும் வழியாகவும் இருந்தது. ஆளவந்தாரின் திருவுள்ளக் குறையைத் தீர்க்க எம்பெருமானார் கூரத்தாழ்வானின் குமாரர்களுக்குப் பராசரர் என்றும் வேதவ்யாஸர் என்றும் பெயரிட்டார். எம்பாரின் தம்பி குமாரருக்குப் பராங்குசர் என்ற நம்மாழ்வார் திருநாமம் கிடைத்தது. நம்பிள்ளைக்கு வாய்த்த லோகாசார்யர் என்ற சிறப்பு, வடக்குத்திருவீதிப்பிள்ளையின் குமாரருக்குப் பெயராகிப் பிள்ளைலோகாசார்யர் என்று விளங்கிற்று. இப்பெயர்களைக் கொண்டு அழைத்த ஒவ்வொரு முறையும் ஒரு வரலாறு சொல்லப்பட்டது.

இதற்கு மாறான வழக்கமும் இந்நாட்டில் இருந்தது; தம் பெயரை எம்பெருமான் திருவாசலில் இட்டார்கள் அரசகுலத்தார். எண்ணாயிரத்துக் கோயில் கல்வெட்டில் ராஜராஜ விண்ணகர். திண்டிவனத்தை அடுத்த தாதாபுரம் அந்நாளில் ராஜராஜபுரம். அங்கே ராஜராஜனின் தமக்கையார் குந்தவையார் எடுப்பித்தது குந்தவை விண்ணகர். அவர்கள் செய்த கைங்கர்யம் பெரிது, அதில் ஐயமில்லை. ஆயினும் இன்று ஸேவிக்கச் செல்பவர் அழகிய நரஸிம்ஹன் ஸந்நிதி என்றும் கரிவரதராஜன் ஸந்நிதி என்றும்தான் வழி கேட்கிறார். மனிதர் பெயர் கல்லில் தங்கிற்று. எம்பெருமான் பெயர் வாயில் தங்கிற்று.

அவ்வாயிலிருந்தும் அது இப்பொழுது நழுவி வருகிறது என்பதே அடியேனின் கவலை. கோவலூர் ஸம்பந்தமுள்ள குடும்பத்தில் தேஹளீசன் என்று ஒரு பிள்ளை இருந்தால், அந்தப் பெயர் என்ன என்று எவரேனும் கேட்பர்; இடைகழிக் கதையைச் சொல்ல நேரும். பெயர் ஒழிந்தால் கேள்வி ஒழியும். கேள்வி ஒழிந்தால் கதை புத்தகத்தில் மட்டும் இருக்கும்.

இவற்றையெல்லாம் சுருக்கிச் சொன்னபின் அந்தத் தகப்பனார், "பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளுக்கு வாயில் நுழையாதே, ஸ்வாமி" என்றார். நியாயமான கவலைதான். அடியேன் வற்புறுத்தவில்லை. குழந்தையின் பாட்டியாரின் பிறந்தகம் கோவலூர். அந்த அம்மாள் ஒன்றும் பேசாமல் தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் தேஹளீசன் என்று எழுதச்செய்து, குழந்தையின் வலக்காதில் அதனை மூன்று முறை சொல்லச்செய்தார். நகராட்சிப் பதிவில் வேறு பெயர் ஏறியிருப்பதாகப் பின்னர் அறிந்தேன். ஆனால் சென்ற மாதம் அவ்வழியே போனபோது, ரேழியில் தவழ்ந்துவந்த குழந்தையைப் பாட்டியார் "தேஹளீ, இங்கே வா" என்று அழைத்தது காதில் விழுந்தது.

வாசகர்கள் ஒன்று செய்யலாம். தத்தம் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு முன்புவரை வழங்கிய பெயர்களையும், அவை எந்தத் திவ்யதேசத்து, எந்த ஆசார்யரின் திருநாமங்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த நாமகரணத்தில் அரிய பெயர் கேட்கும் குழந்தைகளின் பெற்றோருக்கு அத்தாளையே நீட்டலாம்.