கேள்வியைத் தேர்ந்தெடுத்தது யார்?

சங்கரன்கோவிலில் ஒரு நெசவாளிக்குக் காசநோய் என்று தெரிந்தால், இன்று அவர் வீட்டில் இருந்தபடியே ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமடையலாம். தறி நிற்க வேண்டியதில்லை. குடும்பத்தைப் பிரிய வேண்டியதில்லை. 1950களில் மருத்துவர்கள் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். சானடோரியத்துப் படுக்கை, மாதக்கணக்கில் ஓய்வு, சத்தான சாப்பாடு ஆகிய மூன்றும் இல்லாமல் நோய் தீராது என்பதே அன்றைய பாடம். அதை மாற்றி எழுதியது சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஓர் ஆய்வு. உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), சென்னை மாநில அரசு, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து நடத்தியது. முன்னின்றவர் பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ். நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. நெரிசலான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள். வீட்டில் உடனிருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதும் பின்னர் உறுதியானது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

இந்த வெற்றியில் மக்களின் பங்கு சிறியதல்ல. சளியும் சிறுநீரும் கொடுத்தார்கள். மாத்திரையை எண்ணிப் பார்ப்பதற்காக, சொல்லாமல் கொள்ளாமல் வந்த ஆய்வுப் பணியாளர்களை வீட்டுக்குள் விட்டார்கள். சயரோகம் (காசநோய்) என்று தெரிந்தால் பெண் கொடுக்கத் தயங்கிய காலம் அது. தெருவே பார்க்க ஆய்வாளர் வாசலில் வந்து நிற்பதற்கு இடம் கொடுத்ததே பெரிய காரியம். ஆனாலும் உழைப்பில் பங்கு பெற்றவர்களுக்குக் கேள்வியில் பங்கு கிடைக்கவில்லை. ஆய்வாளர்கள் கேட்டது, ஓய்வும் உணவும் இல்லாமல் மருந்து மட்டும் போதுமா என்று. அதற்கான விடை சரியானது, மகத்தானது. அரைவயிற்றோடு இருந்த அந்தக் குடும்பங்களிடம் கேட்டிருந்தால், சாப்பாடு கிடைத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு இது வராமல் இருக்குமா என்பதையும் சேர்த்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பெரிய அளவில் சோதனை வழியாக விடை தேட அறுபது ஆண்டுக்கும் மேல் ஆனது. 2019இல் ஜார்க்கண்டில் தொடங்கிய 'ரேஷன்ஸ்' ஆய்வில், நோயாளிகளின் வீட்டில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தார்கள். உணவுப் பொருள் பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. இந்த முடிவு 2023இல் வெளியானது.

ஆராய்ச்சி வாக்கெடுப்பு அல்ல, நிபுணர் வேலையில் ஊரார் எதற்கு என்று கேட்கலாம். இதில் நியாயம் உண்டு. 1955இல் ராஜாஜியே காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியை எதிர்த்து எழுதினார். ஊர் எதிர்ப்புக்கெல்லாம் பணிந்தால் எந்தத் தடுப்பூசியும் நிலைக்காது. ஆனால் 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கி லட்சக்கணக்கானவர்களுக்கு ஊசி போட்டுப் பார்த்த பெருஞ்சோதனை, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்றுதான் கண்டது. (குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதால் இன்றும் போடுகிறோம், அது வேறு.) ராஜாஜியின் காரணங்கள் சரியென்று இதனால் ஆகிவிடாது. நிபுணரின் உறுதியும் சோதிக்கப்பட வேண்டியது என்று மட்டும் ஆகிறது. குலுக்கலையும் மருந்தளவையும் நிபுணர் வகுக்கட்டும். எதைத் தேடுவது, முடிவை யாரிடம் சொல்வது என்பவை அவருக்கு மட்டும் உரியவை அல்ல.

இன்னும் கடினமான ஆட்சேபம், ஊர் என்றால் யார் என்பது. ஊர்த் தலைவர் தலையாட்டினால் ஊரே சம்மதித்ததாகக் கொள்வது பழைய வழக்கம். சங்கரன்கோவிலையே எடுத்துக்கொள்வோம். அது தனித்தொகுதி; பட்டியல் சாதி மக்கள் கணிசமாக வாழும் வட்டாரம். விசைத்தறிக் கூலிக்குப் போகிறவரும் தறிக்கு உரிமையாளரும் ஒரே குரலில் பேசமாட்டார்கள். பஞ்சுத் தூசியால் வரும் இருமலைப் பற்றிக் கேட்டால் இருவரும் ஒரே பதிலைச் சொல்வார்களா? வீட்டுக்குள் நூல் சுற்றும் பெண்ணைக் கூட்டத்துக்கு அழைப்பதே இல்லை. அந்த ஊர்க் கோயிலில் உள்ள கோமதியம்மன் சன்னிதியின் புற்றுமண்ணைத் தோல் நோய்க்குப் பூசுகிறவரை ஏளனமாகப் பார்க்கும் ஆய்வாளர், அவர் வீட்டில் உண்மையான பதிலைப் பெறப் போவதில்லை. ஆகவே ஊராரைச் சேர்ப்பது என்றால் முதலில் விடுபட்டவர்களைத் தேடிப் போவதுதான். அதற்கு நாளும் பணமும் ஆகும். சேத்துப்பட்டிலும் ஆனது.

சமூகத்தை ஆய்வின் தொடக்கத்திலிருந்தே கலந்துகொள்ள வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை சொல்கிறது. அடுத்த முறை கணக்கெடுக்கவோ ரத்தம் எடுக்கவோ உங்கள் தெருவுக்கு யாராவது வந்தால், இந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தது யார், முடிவை எப்போது எங்களிடம் வந்து சொல்வீர்கள் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.